கோயிலில் கடைசித் தூணோடு நின்றுவிடுகிறவர்களையும் சேர்த்துப் பெரியவர்களுக்கு விசுவாசப் படிப்பு: மதுரைப் பக்கம் எப்படி நடத்தலாம்?

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு சாயங்காலம் மதுரை வடகரைப் பக்கம் வீட்டு முன்கூடத்தில் கத்தோலிக்கப் பெரியவர்கள் சிலர் கூடி விவிலியமும் திருச்சபைப் போதனையும் படித்து வருகிறோம். பங்குத்தந்தைக்குத் தெரியும், நேரம் கிடைத்தால் வந்து உட்காருவார். இதை இன்னும் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று ஆசை. இதே மாதிரி நடத்துகிறவர்கள், நடத்திப் பார்த்து விட்டவர்கள், இது தேவையில்லை என்று நினைக்கிறவர்கள், எல்லோரும் சொல்லுங்கள்.

ஏன் ஆரம்பித்தோம் என்றால், நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, பள்ளிப் பருவத்தில் பெறுகிற உறுதிபூசுதலோடு நின்றுவிடுகிறது. அப்புறம் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தயாரிப்பு வகுப்பு, அவ்வளவுதான். நாற்பது வயதில் கணவன் விட்டுப்போன பெண்ணும், ஐம்பது வயதில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனும், சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதில்களை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கேட்டால் விசுவாசம் குறைந்தவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

இன்னொரு காரணமும் உண்டு. பூசைக்கு வருவார்கள், ஆனால் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள். நற்கருணை வாங்க வரிசை எழும்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மறுமணம் செய்தவர்கள், வேற்று மதத்தவரைக் கட்டியவர்கள், திருநங்கைகள், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார், மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்துக்கொண்டு நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூசுகிற தாய்மார். இவர்களைப் பற்றிப் பேசுகிற கூட்டங்கள் நிறைய நடந்திருக்கின்றன. இவர்களோடு உட்கார்ந்து ஒரு அதிகாரம் வாசிக்கிற கூட்டம்தான் குறைவு.

என் கேள்விகள் மூன்று. தனிக்குழு சரியா? கடினமான போதனையை மறைக்காமலும் ஆளைக் காயப்படுத்தாமலும் எப்படிப் படிப்பது? வாசிக்கத் தெரியாதவர்களை எப்படிச் சேர்ப்பது?

பேரவை உறுப்பினர்:
நல்ல எண்ணம்தான் தம்பி. ஆனால் அன்பியம் என்று ஒன்று இருக்கிறதே? தெருவுக்குத் தெரு கூட்டம் நடக்கிறது, விவிலியம் வாசிக்கிறோம், ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு மற்றவர் போகிறோம். அதைப் பலப்படுத்தாமல் புதிதாகக் குழு வைத்தால் பங்குக்குள் இன்னொரு பங்கு மாதிரி ஆகிவிடும். எத்தனை குழு வந்து எத்தனை கலைந்தது என்று பார்த்துவிட்டேன்.

வைகைக்கரை:
ஐயா, அன்பியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொரோனா சமயம் எங்கள் தெருவில் அரிசி பருப்பு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அன்பியத்தால்தான். ஆனால் அன்பியத்தின் பலமே சிலருக்குத் தடையாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பது எதிர்வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், மாமியாரின் தோழி. கோயிலில் தாலி கட்டாமல் பதிவுத் திருமணம் செய்த ஒரு பெண், "என் நிலைமைக்குத் திருச்சபை என்ன சொல்கிறது?" என்று அந்தக் கூட்டத்தில் எப்படிக் கேட்பாள்? கேட்டால் மறுநாள் காலை குழாயடியில் அதுதான் பேச்சு. வேறு வேறு தெருவிலிருந்து வந்தவர்கள் நடுவே அவளுக்கு வாய் திறக்கிறது.

தவிர, பல அன்பியங்களில் செபமாலை, அறிவிப்பு, சந்தா வசூல், டீ என்று ஒரு மணி நேரம் ஓடிவிடுகிறது. படிக்க நேரம் எங்கே?

அருட்சகோதரி, திண்டுக்கல்:
நான் அன்பியத் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் என்பதால் சொல்கிறேன். அன்பியங்களில் புழங்கும் ஏழு படி விவிலியப் பகிர்வு தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்தது. வசனத்தை மெதுவாக வாசித்து, மனதைத் தொட்ட சொல்லைத் திரும்பச் சொல்லி, மௌனமாக இருந்து, பிறகு பகிர்வது. செபிக்க அருமையான முறை. அதில் விவாதத்துக்கு இடமில்லை, வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். அதனால் "இந்தப் பகுதி எந்தக் காலத்தில், யாருக்கு எழுதப்பட்டது? இதைத் திருச்சபை எப்படிப் புரிந்துகொள்கிறது?" என்ற கேள்விகள் அங்கே வராது. பெரியவர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒரு வாரம் ஏழு படி, அடுத்த வாரம் படிப்பு என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். பேரவை உறுப்பினர் ஐயா பயப்படுகிற பிளவும் வராது, ஆட்கள் இங்கேயும் வருவார்கள், அன்பியத்துக்கும் போவார்கள்.

மறைக்கல்வி டீச்சர்:
வைகைக்கரை தம்பி, நீங்கள் செய்வது புதுசு ஒன்றும் இல்லை, திருச்சபை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். 1971-இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டியே பெரியவர்களுக்கான மறைக்கல்விதான் தலையாயது என்று சொல்லிவிட்டது. 1997-இல் வந்ததும் அதையே திரும்பச் சொன்னது. நாம்தான் மறைக்கல்வி என்றதும் சிறுபிள்ளைகளையும் பலகையையும் நினைத்துக்கொள்கிறோம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறை வெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு, விசுவாசிகள் எல்லோருக்கும் விவிலியம் எளிதில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 229-ஆவது சட்டத்தைப் பாருங்கள். கிறிஸ்தவப் போதனையை அவரவர் ஆற்றலுக்கும் நிலைக்கும் ஏற்பக் கற்றுக்கொள்வது பொதுநிலையினரின் கடமை, உரிமை என்று எழுதியிருக்கிறது. யாராவது "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டால் இதைக் காட்டுங்கள், சண்டை போட வேண்டாம்.

புதிதாகத் திருமுழுக்குப் பெற விரும்பும் பெரியவர்களுக்கென்று 1972-இல் ஒரு சடங்குமுறையே வந்தது. விசாரிக்கிற காலம், கற்கிற காலம், தவக்காலத்தில் தூய்மை பெறுகிற காலம், உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்தின இரவான பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கு, அதற்கப்புறம் பெற்றதை ஆழமாக உணர்கிற காலம் என்று படிப்படியாகப் போகும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். அவசரமே இல்லை. ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்ற நம்மவர்களுக்கும் அந்த நிதானம் தேவை. பத்து வாரத்தில் பாடம் முடித்துச் சான்றிதழ் கொடுக்கிற யோசனையெல்லாம் வேண்டாம் தம்பி.

கருமாத்தூரான்:
எல்லோரையும் சேர்ப்பது என்று பேசுகிறோம், இன்னும் ஒருவர்கூடச் சாதியைச் சொல்லவில்லை. மதுரையில் அதிலிருந்து தொடங்காத எந்தச் சேர்ப்பும் பாதியில் நின்றுவிடும். நான் தலித் கத்தோலிக்கன். என் தாத்தா உபதேசியாராக இருந்தவர்.

நம் ஊர் வரலாற்றையே எடுங்கள். தத்துவ போதகர் என்று நாம் கொண்டாடும் இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். காவி கட்டினார், புலால் விட்டார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார், பெரியவர்களோடு உட்கார்ந்து நாள்கணக்கில் வாதம் செய்தார், தமிழில் ஞானோபதேசம் எழுதினார். பெரியவர்களுக்கான விசுவாசப் படிப்பு இந்த மண்ணில் அப்படித்தான் தொடங்கியது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் உயர்சாதியாரைச் சேர்ப்பதற்காக அவர்களுக்குத் தனிக்கோயில், தனிப் பழக்கவழக்கம் என்று பிரித்தும் வைத்தார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைப் புதுக்கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் ரோமாபுரி அனுமதி கொடுத்தது. 1640 வாக்கில் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனி வகைச் சாமியார்கள் வந்தார்கள். நாம் புனிதராகக் கொண்டாடும் அருளானந்தர் (ஜான் தே பிரிட்டோ) அப்படி ஒரு பண்டாரசாமியாக வாழ்ந்தவர். ஒரே நற்கருணை, இரண்டு வாசல். அந்த இரண்டு வாசலை மூட நமக்கு நானூறு வருடம் போதவில்லை.

இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் வலுவூட்டலுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரையும் உள்ளடக்கிய சமூகங்களைக் கட்டுவது அறநெறிக் கடமை என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. அதை எந்தப் பங்கில் உட்கார்ந்து படித்தார்கள்?

அதனால் நான் கேட்பது சின்ன விஷயங்கள். உங்கள் கூட்டம் யார் வீட்டில் நடக்கிறது? எப்போதும் ஒரே சாதிக்காரர் வீட்டிலா? காபி யார் போடுகிறார்கள், டம்ளரை யார் கழுவுகிறார்கள்? எங்கள் தெருவுக்கு வந்து ஒரு கூட்டம் வைப்பீர்களா?

வைகைக்கரை:
அண்ணே, நேராகவே பதில் சொல்கிறேன். இதுவரை இரண்டு வீடுகளில் மாறி மாறி நடந்தது, இரண்டும் ஒரே சமூகத்தவர் வீடு. உங்கள் பதிவைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். இனிமேல் மாதம் ஒரு வீடு, வருகிறவர்களில் யார் கூப்பிட்டாலும் அங்கே என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் எங்கள் ஆட்டோக்காரத் தம்பி வீடு. கூடம் சின்னது, வாசலில் பாய் விரிக்க வேண்டியிருக்கும். அங்கே யாக்கோபு இரண்டாம் அதிகாரம் படிக்கப் போகிறோம்.

கருமாத்தூரான்:
சரியான இடத்தில் சரியான அதிகாரம். பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கை, ஏழைக்கு "அங்கே நில், இல்லாவிட்டால் கால்மாட்டில் உட்கார்" என்று சொல்கிற பகுதி. படிக்கிறபோது "அந்தக் காலத்துப் பணக்காரர்கள்" என்று விளக்கம் சொல்லிக் கடந்துவிடாதீர்கள். நம் ஊரில் யாருக்குக் கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை என்று கேளுங்கள். அதோடு 1 கொரிந்தியர் 11-ஐயும் சேர்த்து வையுங்கள். ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடி வந்து ஒருவர் பசியாகவும் இன்னொருவர் குடித்து வெறித்தும் இருந்ததற்காகப் பவுல் கோபப்படுகிற இடம். நற்கருணையைப் பற்றிய நம் பாடங்களில் அந்தக் கோபத்தை எடுத்துவிட்டு மீதியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழைய பாடம்:
நான் மாற்றுக் கருத்து சொல்ல வந்திருக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதி விஷயத்தில் கருமாத்தூரான் சொன்னதில் எனக்கு எதிர்ப்பே இல்லை, சாதி பாவம். ஆனால் மறுமணம், திருநங்கை என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடுகிறீர்களே, அதுதான் கவலை. "யாரையும் நோகடிக்கக் கூடாது" என்று தொடங்கினால், மெல்ல மெல்லப் போதனையையே சொல்லாமல் விட்டுவிடுவோம். மாற்கு 10-இல் மணவிலக்கைப் பற்றி ஆண்டவர் சொன்னதை உங்கள் குழுவில் வாசிப்பீர்களா, தாண்டிப் போவீர்களா? இதற்கு நேரான பதில் வேண்டும்.

தூணுக்குப் பின்னால்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. நான் அந்தக் குழுவில் இருப்பவள். முதல் கணவர் குடியும் அடியுமாக இருந்து போனவர். நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி மறுமணம் செய்துகொண்டேன்.

மாற்கு 10-ஐ வாசித்தோம். யாரும் கேட்கவில்லை, நானேதான் வாசித்தேன். நடுவில் குரல் உடைந்தது, நிறுத்தி மறுபடியும் வாசித்தேன். அந்த வசனம் எனக்குத் தெரியாததா? பல வருடமாகத் தினமும் நெஞ்சில் குத்துகிற வசனம். எனக்கு வேண்டியிருந்தது அதை யாராவது என்னோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான். நான் எழுந்து போன பிறகு என்னைப் பற்றி வாசிக்க வேண்டாம்.

வாசித்து முடித்த பிறகு டீச்சர் ஒருவர் விளக்கினார். ஆண் நினைத்தபோது விலக்குச் சீட்டு எழுதிப் பெண்ணைத் தெருவில் விடுகிற காலத்தில், அதை நியாயப்படுத்தக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் இது என்றார். அதனால் கட்டளை இல்லை என்று ஆகிவிடாது என்றும் சொன்னார். குடும்ப அன்பைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய ஊக்கவுரையின் 243-ஆம் பத்தியையும் வாசித்தோம். மணவிலக்குப் பெற்று வேறு மணம் செய்தவர்கள் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர்கள் இல்லை, அவர்களை அப்படி நடத்தவும் கூடாது என்று இருக்கிறது. நான் புறம்பாக்கப்பட்டவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் அம்மாவும் அப்படியே நினைத்துக்கொண்டு செத்துப்போனார்.

மறைக்கல்வி டீச்சர்:
அந்த அக்கா எழுதியதோடு ஒரு தகவல் சேர்க்கிறேன், பல பேருக்கு உதவும். முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததாக இருந்திருக்கலாம். வற்புறுத்தல், மறைத்த உண்மை, மணவாழ்வின் கடமைகளை ஏற்க மனநிலை இல்லாமை என்று காரணங்கள் உண்டு. அதை மறைமாவட்டத் தீர்ப்பாயம் விசாரிக்கும். முன்பு ஒரு தீர்ப்பாயம் செல்லாது என்று சொன்னாலும் இரண்டாவது தீர்ப்பாயமும் உறுதி செய்ய வேண்டும். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தக் கட்டாயத்தை நீக்கினார். மேல்முறையீடு இல்லாவிட்டால் ஒரே தீர்ப்பு போதும். இது தெரியாமலே எத்தனையோ பேர் காலத்தைக் கடத்திவிட்டார்கள். அதே ஊக்கவுரையின் எட்டாம் அதிகாரம், ஒவ்வொருவரின் நிலைமையையும் குருவோடு உட்கார்ந்து ஆய்ந்து தெளிவதைப் பற்றிப் பேசுகிறது. குழு அந்த வேலையைச் செய்யக் கூடாது. குழு ஆளைத் தயாராக்கலாம், கூடப் போகலாம்.

பழைய பாடம்:
அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மாற்கு 10-ஐ நீங்களே வாசித்தீர்கள் என்பது எனக்குப் போதுமான பதில். போதனையை முழுதாக மேசையில் வைக்கிறீர்கள் என்றால் அந்தக் கவலை எனக்கு இல்லை. மற்றவற்றில் எனக்கு இன்னும் கேள்வி உண்டு.

கருமாத்தூரான்:
மணவாழ்வு பேச்சு வந்ததால் ஒன்று. அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் ஏன் கொல்லப்பட்டார் என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். மறவ நாட்டு இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவான பெண் போய் முறையிட்டார், அதிலிருந்து வினை வந்தது. ஓரியூர் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிறோம். அந்த விலக்கப்பட்ட பெண்கள் என்ன ஆனார்கள் என்று எந்த மறையுரையிலும் நான் கேட்டதில்லை. புனிதரின் தியாகத்தைக் குறைக்கவில்லை, நானும் அவர் பெயரைச் சொல்லி வளர்ந்தவன்தான். ஆனால் பெரியவர்களின் படிப்பில் இந்தக் கேள்விக்கு இடம் இருக்க வேண்டும்.

மல்லிகை:
நான் திருநங்கை. மேலே "திருநங்கைகள்" என்று எழுதியிருக்கிறதே, அதில் ஒருத்தி. இவ்வளவு நாள் வாசிக்க மட்டும் செய்தேன், இப்போது எழுதத் தோன்றியது.

கோயிலில் எனக்கு முதல் சிக்கல் விசுவாசம் இல்லை, எந்தப் பக்கம் உட்காருவது என்பதுதான். நம் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கம் போனால் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகருவார்கள். ஆண்கள் பக்கம் நான் போக மாட்டேன். அதனால் கதவோரம் நிற்பேன். இந்தக் குழு கூடுகிற கூடத்தில் நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்தார்கள், பக்கம் என்று ஒன்று இல்லை. அதற்காகவே இரண்டாவது தடவையும் போனேன்.

திருத்தூதர் பணிகள் 8 படித்தோம். எருசலேமுக்குப் போய் வழிபட்டுத் திரும்புகிற எத்தியோப்பிய அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை அதிகாரி, தேரில் உட்கார்ந்து எசாயா வாசிக்கிறார். "வாசிப்பதன் பொருள் தெரிகிறதா?" என்று பிலிப்பு கேட்க, "யாராவது விளக்காவிட்டால் எப்படி முடியும்?" என்று சொல்லி, தேரில் ஏறிப் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். பிலிப்பு ஏறி உட்காருகிறார். இணைச்சட்டம் 23 அப்படிப்பட்டவர் சபைக்குள் வரக் கூடாது என்கிறது, எசாயா 56 அவர்களுக்கு என் இல்லத்தில் இடமும் பெயரும் கொடுப்பேன் என்கிறது என்று குழுவில் இருக்கிற வாத்தியார் ஒருவர் எடுத்துக் காட்டினார். அண்ணகரும் திருநங்கையும் ஒன்று இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வழியில் தண்ணீரைப் பார்த்து, "நான் திருமுழுக்குப் பெற ஏதாவது தடை உண்டா?" என்று அவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வி என்னுடையது.

பழைய பாடம் அண்ணனுக்கு: வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை 2023 அக்டோபர் 31 தேதியிட்டுக் கொடுத்த பதிலில், விசுவாசிகளுக்கு இடறலோ குழப்பமோ வராத சூழலில் திருநர் மற்றவர்களைப் போலவே திருமுழுக்குப் பெறலாம் என்று இருக்கிறது. சில நிபந்தனைகளோடு ஞானப்பெற்றோராக இருக்கலாம், திருமணச் சாட்சியாகவும் இருக்கலாம். போதனைக்கு வெளியே நின்று நான் எதையும் கேட்கவில்லை.

பழைய பாடம்:
சகோதரி, அந்தப் பதில் வந்தது எனக்குத் தெரியாது. தேடி வாசிக்கிறேன். எழுதியதற்கு நன்றி.

செல்லூர் மருமகள்:
நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). கணவர் கத்தோலிக்கர். மதுரையில் இது சாதாரணம், எங்கள் தெருவிலேயே நாலைந்து குடும்பம் இப்படித்தான். ஆனால் ஞாயிறு காலை வீடு இரண்டாகப் பிரியும்.

பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்ப்பேன் என்று நான் கையெழுத்துப் போட்டதாக மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குழுவில் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1125-ஆவது சட்டத்தை எடுத்து வாசித்தோம். தன்னால் இயன்றதைச் செய்வதாக உறுதி கொடுப்பவர் கத்தோலிக்கத் துணைதான். அந்த உறுதியைப் பற்றி மற்றவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் இருந்த பாதிச் சண்டை அன்றோடு தீர்ந்தது.

நற்கருணை விஷயத்தில் எனக்கு வருத்தம் இருக்கிறது, அது குழுவால் தீராது, தீரும் என்று யாரும் எனக்கு ஆசை காட்டவும் இல்லை. அந்த நேர்மை பிடித்திருக்கிறது. நான் கொண்டுபோவது எங்கள் வீட்டு வேதாகமம், மற்றவர்கள் வைத்திருப்பது 1995 பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உழைத்து வந்த பதிப்பு அது. தோபித்து, யூதித்து எல்லாம் என் வேதாகமத்தில் இல்லை. அதனால் முதல் தடவையாகத் தோபித்து வாசித்தேன். கண் தெரியாத தகப்பனும், மகனும், கூடவே வழிநடக்கிற நாயும்! இதை இத்தனை நாள் வாசிக்காமல் இருந்துவிட்டேனே என்று இருந்தது.

அருட்சகோதரி, திண்டுக்கல்:
வைகைக்கரை தம்பியின் மூன்றாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களை விரட்டுவதற்கு நம்மிடம் இருக்கிற மிக எளிய வழி "ஆளுக்கொரு வசனம் வாசிப்போம்" என்பதுதான். சுற்று தன் பக்கம் நெருங்க நெருங்கப் பாட்டிக்கு வேர்க்கும். "கண்ணாடி கொண்டுவரலை" என்பார். அடுத்த வாரம் வரமாட்டார். எந்தக் காரணத்தைக் கொண்டும் சுற்று வைக்காதீர்கள். நன்றாக வாசிக்கிற ஒருவர், மெதுவாக, மூன்று தடவை வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அங்கேதான் பாட்டிமார் முன்னுக்கு வருவார்கள். வருடா வருடம் பாஸ்கா நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள், யார் எங்கே நின்றார், என்ன சொன்னார் என்று வரி தவறாமல் சொல்வார்கள். படித்தவர்கள் விட்டுவிட்ட இடத்தை அவர்கள் பிடிப்பார்கள்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி: 2020-இல் வந்த மறைக்கல்வி வழிகாட்டி, அவர்களுக்கு அருளடையாளங்களை யாரும் மறுக்க முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. அவர்களே மறையாசிரியராக வருவது நல்லது என்றும் சொல்கிறது. மல்லிகை சொன்ன வாத்தியார் யார் தம்பி?

வைகைக்கரை:
சிஸ்டர், அவர் பார்வையற்றவர். பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை இரவே அடுத்த நாள் பகுதியை வாசித்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறோம். முதலில் அவருக்காக ஆரம்பித்தது, இப்போது ஆட்டோ ஓட்டுகிற தம்பியும் பாட்டிமாரும் அதைத்தான் கேட்கிறார்கள். யோவான் 9-ஐ அவர் நடத்தியதை மறக்க முடியாது. "ரபி, யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றோருடையதா?" என்று சீடர்கள் கேட்கிற இடத்தில் நிறுத்தி, "இந்தக் கேள்வியை என் அம்மாவிடம் கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது" என்றார். பிறகு, பார்வை பெற்றவனை விசாரிக்கிறார்கள், விரட்டுகிறார்கள், பெற்றோர்கூடப் பயந்து ஒதுங்குகிறார்கள், ஆனால் அவனிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை பாருங்கள் என்றார். மனவளர்ச்சி குன்றிய மகனோடு வந்திருந்த அம்மா அன்றைக்குத்தான் முதல் தடவை பேசினார்.

வாட்ஸ்அப் என்றதும் ஒரு எச்சரிக்கை. கூட்டத்தில் எடுத்த புகைப்படத்தை ஒருவர் நல்ல எண்ணத்தில் பங்குக் குழுவில் போட்டுவிட்டார். வீட்டுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அதனால் பெரிய பிரச்சினை ஆனது, அதற்கப்புறம் அவர் வரவில்லை. இப்போது புகைப்படம் கிடையாது, பெயர்ப்பட்டியல் கிடையாது. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் சொல்கிறோம்.

விளக்குத்தூண் சேல்ஸ்மேன்:
அண்ணே, இதையெல்லாம் படிக்கிறபோது வரணும் போல இருக்கிறது. ஆனால் ஞாயிறு சாயங்காலம் என்றால் எங்களுக்கு வழியே இல்லை. ஞாயிறுதான் கடையில் கூட்டம் மொய்க்கும், கடை அடைக்க இரவு பத்து ஆகிவிடும். எங்களுக்கு வார விடுமுறை செவ்வாயோ புதனோ. பூசைக்கே அதிகாலையில் ஓடிப்போய் வருகிறேன். என்னைப் போல ஜவுளிக்கடை, ஓட்டல், ஆஸ்பத்திரி என்று ஞாயிறு லீவு இல்லாத கத்தோலிக்கர்கள் நிறையப் பேர் உண்டு. நாங்கள் சோம்பேறிகள் என்று நினைக்கிறார்கள்.

பேரவை உறுப்பினர்:
இந்தத் தம்பி எழுதியது என்னை யோசிக்க வைத்தது. கோயில் வளாகத்தில் மறைக்கல்வி அறை புதன்கிழமை முழுக்கப் பூட்டித்தான் கிடக்கிறது. நான் பங்குத்தந்தையிடம் கேட்கிறேன். தனிக்குழு வேண்டுமா என்று முதலில் கேட்டவன் நான்தான். அந்தக் கேள்வி இப்போதும் உண்டு, ஆனால் அறையைத் திறந்து கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வைகைக்கரை:
ஐயா, ரொம்ப நன்றி. அறை மாடியிலா தரைத்தளத்திலா என்று பார்த்துச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஒருவர் இருக்கிறார்.

பேரவை உறுப்பினர்:
தரைத்தளம்தான். வாசலில் இரண்டு படி இருக்கிறது. மரப்பலகை சாய்த்துப் போட்டுவிடலாம். பங்குத்தந்தை சரி என்றுவிட்டார், புதன் மதியம் மூன்று மணி. சாவி என்னிடம் இருக்கும்.

மறைக்கல்வி டீச்சர்:
புதன் கூட்டம் தவக்காலத்தில் தொடங்குகிறது என்றால் யோவான் 4, 9, 11 என்று மூன்று வாரத்துக்கு எடுங்கள். சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர். திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்காகத் தவக்கால ஞாயிறுகளில் திருச்சபை பழங்காலம் தொட்டு வாசித்து வருகிற நற்செய்திகள் இவை. சமாரியப் பெண்ணை நடத்துகிறபோது ஐந்து கணவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தாதீர்கள். ஆண்டவரோடு இறையியல் வாதம் செய்கிறாள், ஊரையே கூட்டிவருகிறாள், அதைப் பேசுங்கள். அந்தப் பகுதியைத் தூணுக்குப் பின்னால் அக்கா நடத்த முடியுமா?

தூணுக்குப் பின்னால்:
நடத்துகிறேன் டீச்சர். ஆனால் புதன் எனக்கு வேலை நாள், அரை நாள் விடுப்புக் கேட்க வேண்டும். முதல் வாரம் மட்டும் வருகிறேன், அடுத்ததை வாத்தியாரும் செல்லூர் அக்காவும் பார்த்துக்கொள்ளட்டும்.

விளக்குத்தூண் சேல்ஸ்மேன்:
புதன் மூன்று மணி எனக்குச் சரியாக இருக்கும். கூட வேலை பார்க்கிற பையன் ஒருவன் இந்து, அவனும் கேட்கிறான், கூட்டி வரலாமா? மதம் மாற்றுவார்களோ என்று அவன் அம்மாவுக்குப் பயம்.

வைகைக்கரை:
தாராளமாகக் கூட்டி வாங்க. எங்கள் குழுவில் நர்ஸ் ஒருவரின் கணவர் இந்துதான், ஒவ்வொரு வாரமும் வருகிறார், எல்லோரையும்விட அதிகமாகக் கேள்வி கேட்பார். மாறச் சொல்லி யாரும் அவரிடம் இதுவரை பேசியதில்லை, இனியும் பேச மாட்டோம். அந்தப் பையனின் அம்மாவும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். பெரியார் நிலையத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் எந்த பஸ், எங்கே இறங்குவது என்பதைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். யோவான் 4-இன் குரல் பதிவு செவ்வாய் இரவு வந்துவிடும்.